கயிறு கட்டின சரிவு

சிறுவாச்சூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள லாவண்யா அப்பாவுக்கு வேணி எழுதுறது.

நாங்க ரெண்டு பேரும் நலம், உங்க நலத்தை அறிய ஆவல்னு ஆரம்பிக்கணும். உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. ஆனா நேத்து நீங்க போனை வச்சதுலேர்ந்து எனக்கு ஆத்திரம் அடங்கல. அடுப்புல பாலு பொங்கி வழியிறது கூடத் தெரியாம நின்னுக்கிட்டு இருந்திருக்கேன். லாவண்யாதான் ஓடிவந்து அணைச்சா.

போன்ல பேசாம எதுக்குக் கடுதாசின்னு கேப்பீங்க. போன்ல நான் மூச்சு விடாமப் பேசுனா நீங்க ஒரு 'ம்' போடுவீங்க. கொஞ்சம் சத்தத்தைக் கூட்டுனா டவர் இல்லைன்னு வச்சிடுவீங்க. பட்டாளத்துல இருந்தப்ப என் கடுதாசியை மட்டும் கடைசி வரி வரைக்கும் படிப்பீங்க, அது எனக்குத் தெரியும். அதனால எழுதுறேன். லாவண்யா இதைப் போட்டோ புடிச்சு இன்னைக்கே உங்க போனுக்கு அனுப்பிடுவா. தாளு பின்னால ஸ்பீடு போஸ்ட்டுல வரும். ரெண்டையும் படிங்க.

விஷயத்துக்கு வர்றேன். நீங்க அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடக்கூடாது.

உங்க அண்ணன் இன்னைக்கு விடிஞ்சதும் விடியாததுமா வேப்பந்தட்டையிலேர்ந்து வண்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. தம்பி கையெழுத்துப் போடட்டும், ஒரு கையெழுத்துதானே, வேலையும் நிக்கும், புள்ளை கல்யாணமும் நடக்கும், நீ குறுக்க வராதேன்னு எனக்குப் புத்தி சொன்னாரு. காபி குடிச்சாரு. குடிச்சுட்டு அதையே திரும்பச் சொன்னாரு. இந்த வினையெல்லாம் உங்க வாயால வந்துச்சுன்னு அவரு முகத்துக்கு நேரா நான் சொல்லல. டம்ளரை எடுத்துக்கிட்டுக் கழுவப் போயிட்டேன்.

பொண்ணு பாக்க கல்லங்குறிச்சியிலேர்ந்து வந்தாங்களே, அன்னைக்கு அவரு என்ன பேசுனாருன்னு ஞாபகம் இருக்கா? என் தம்பி அங்க பெரிய ஆபீசரு, அந்த மலையே அவன் கையில, அவன் தலையை ஆட்டுனாத்தான் ரோப்காரே நகரும்னு அளந்துவிட்டாரு. நான் கதவோரம் நின்னு ஜாடை காட்டுனேன், அவரு கண்டுக்கல. நீங்க லீவுல வந்து பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க, மிக்சரைக் கொறிச்சுக்கிட்டு. மாப்பிள்ளையோட அப்பா பழனிவேலுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இப்ப உங்க மலையில பனி சரிஞ்சு ஒரு புள்ளை புதைஞ்ச வீடியோ ஊரு உலகமெல்லாம் சுத்துது. அவங்க வீட்டுப் போனுக்கும் வந்திருக்கு. அவரு தலையை ஆட்டுனாத்தான் மலை திறக்கும்னு சொன்னீங்களே, அப்ப திறந்துவிட்டதும் அவருதானா, அந்தப் புள்ளை செத்ததுக்கு அவருதான் பொறுப்பான்னு பழனிவேல் போன் போட்டுக் கேக்குறாரு. அவரு கேக்குறதுல என்னங்க தப்பு? நாம சொன்னதைத்தானே திருப்பிக் கேக்குறாரு.

உங்க அண்ணன் இதுக்கும் ஒரு வழி வச்சிருக்காரு. கையெழுத்துப் போட்டா வேலை இருக்கும், வேலை இருந்தா ஆபீசரு ஆபீசராவே இருப்பாரு, வீடியோவை நாலு நாள்ல ஜனங்க மறந்துடுவாங்கன்னு சொல்றாரு. நீங்களும் அதைக் கேட்டுக்கிட்டு நேத்து போன்ல சரின்னுட்டீங்க. அதான் எனக்கு ஆறல.

வர்ற சனிக்கிழமை நான் கல்லங்குறிச்சிக்குப் போறேன். யாரையும் கூட்டிக்கிட்டுப் போகல, நான் மட்டும்தான். அங்க என்ன சொல்லப் போறேன்கிறதை இங்க எழுதிக் காட்டுறேன். பனி சமாச்சாரத்துல தப்பு இருந்தா திருத்துங்க. மத்ததை நான் பாத்துக்குறேன்.

என் வீட்டுக்காரரு ஆபீசரு இல்லைங்க. பட்டாளத்துல இருந்தப்ப காலுல நீளப் பலகையைக் கட்டிக்கிட்டுப் பனியில சறுக்கக் கத்துக்கிட்டாரு. பென்ஷனோட வந்தவரு வீட்ல சும்மா உக்கார முடியாம வடக்க ஒரு மலையில ரிசார்ட்டுல வேலைக்குச் சேர்ந்தாரு. அங்க மெஷினை ஓட்டி மெழுகுன தரையாட்டம் ஆக்கி வச்ச பாதை இருக்கு. அதுல சின்னப் புள்ளைங்க கூட சறுக்கலாம். அதைத் தாண்டி, மலை முதுகுக்கு அந்தாண்ட, யாரும் மிதிக்காத பனி கிடக்குற பெரிய சரிவு இருக்கு. ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றவங்களுக்கு அதுலதான் ஆசை. இடுப்பளவு பஞ்சுப் பனி, எதிர்ல ஒரு தடம் இருக்காது. ஆனா அது ஆளைத் தாங்குமான்னு தினம் பாக்கணும். காலையில எல்லாருக்கும் முந்தி மேல போயி அதைப் பாத்துச் சொல்றதுதான் இவரு வேலை. தாங்காதுன்னா குறுக்க சிவப்புக் கயிறு கட்டிடுவாரு.

இந்த வருஷம் பனி தாமசம். முன்னாடி கொஞ்சமா விழுந்தது வெறும் குளிர்லயே கிடந்து கிடந்து, அடியில சீனி மாதிரி உதிரியாப் போச்சு. கையில புடிச்சா உருண்டையா ஒட்டாது. அதுமேல ஒரே மூச்சுல புதுப்பனி கொட்டுச்சு. காத்து வேற மலைக்கு மறுபக்கத்துலேர்ந்து வாரிக்கிட்டு வந்து அந்தச் சரிவுல குமிச்சிடுச்சு. மேல கெட்டி, கீழ உதிரி. நம்ம ரோட்டோரம் காயுற மக்காச்சோளத்துக்கு மேல தார்ப்பாயை விரிச்சு அதுமேல ஏறி நின்னா என்ன ஆகும், அதுதான் ஆகும். இவரு குழி வெட்டிப் பாத்தாரு. மேல பனி அள்ளுற மண்வெட்டியை வச்சுக் கையால தட்டிப் பாத்தாரு. மேல்பாதி அப்படியே பலகையா நழுவி வந்துச்சு. கயிறு கட்டிட்டாரு.

மேனேஜர் வந்து கயிறை அவுத்துட்டாரு. ஒரு கோஷ்டி அந்தச் சரிவுக்குன்னே வந்து காத்துக்கிடக்குது, சீசனே இப்பதான் ஆரம்பிச்சிருக்கு, பட்டாளத்துலேர்ந்து வந்தவன் எல்லாத்துக்கும் பயப்படுறான்னு சொன்னாராம். போனவங்கள்ல ஒரு புள்ளை திரும்பி வரல. பனிக்குள்ளேர்ந்து அவனைத் தோண்டி எடுத்ததும் இவருதான். இப்ப மேனேஜர் ஒரு பேப்பரை நீட்டுறாரு. காலையில நான் பாத்தேன், சரிவு நல்லாத்தான் இருந்துச்சு, கயிறை எடுத்தது நான்தான்னு இவரு கையெழுத்துப் போடணுமாம். போட்டா இதே கம்பெனியோட இன்னொரு மலைக்கு மாத்திடுவாங்க. போடலைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அந்த ஊரு கலெக்டர் விசாரணை வச்சிருக்காரு, அதுக்கு முன்னாடி அந்தப் பேப்பர் அவங்களுக்கு வேணும்.

இதைத்தான் சொல்லப் போறேன். இதுல எது பொய்னு சொல்லுங்க, அடிச்சிடுறேன்.

இன்னைக்குச் செவ்வாய், அம்மன் கோயில் சாத்தியிருக்கு. நம்ம தேங்காய்க் கடைக்கும் லீவுதான். மதியம் ஒரு பெரிய காரு மெட்ராஸ்லேர்ந்து வந்து வாசல்ல நின்னுச்சு. வழக்கமான பாட்டுதான். இவ்வளவு தூரம் வந்துட்டோம், கோயிலைக் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்கம்மா, அஞ்சே நிமிஷம்னு கேட்டாங்க. யாரு யாரு பேரையோ சொன்னாங்க. விசேஷ நாளை விட்டா ஆத்தா திங்களும் வெள்ளியும்தான் இங்க இருப்பா, மத்த நாள்ல மலைக்குப் போயிடுவா, கதவைத் திறந்தாலும் உள்ள ஆளு இருக்காதேம்மான்னு சொல்லி அனுப்புனேன். அந்தம்மா என்னை முறைச்சுட்டுப் போச்சு. போகட்டும். இந்த ஊர்ல சாத்துன கதவுக்காக யாரும் யாருகிட்டயும் மன்னிப்பு எழுதிக் குடுக்குறது கிடையாது. நீங்களும் சாத்த வேண்டிய நாள்ல சாத்துனீங்க. சாத்துனவரு நான் சாத்துனேன்னு சொல்லணும், அவுத்தவன் நான் அவுத்தேன்னு சொல்லட்டும். அவனுக்குப் பதிலா நீங்க எதுக்குங்க சொல்லணும்? மானம் ரோஷம் எல்லாம் பென்ஷனோட அங்கயே ஒப்படைச்சுட்டு வந்துட்டீங்களா?

கோவத்துல எழுதிட்டேன். அடிக்க மாட்டேன், அப்படியே இருக்கட்டும்.

லாவண்யாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்புல வேலை முடிச்சு வந்தவ, பையைக் கூட வைக்காமக் கேட்டா. போயிட்டு வாம்மான்னு மட்டும் சொன்னா.

பதில் எழுதுங்க. 'ம்'னு எழுதாதீங்க.

கோவத்தோடயும் பிரியத்தோடயும்,
வேணி

* * *

ஊழியர் விடுதி,
வியாழக்கிழமை

அன்புள்ள வேணிக்கு கொளஞ்சி எழுதுவது.

உன் கடிதத்தை போனில் பார்த்தேன். எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்ததில் கண் வலித்தது. பனியைப் பற்றி நீ எழுதியது எல்லாம் சரி. ஒன்றை மட்டும் திருத்துகிறேன். அன்று எல்லா இடத்திலும் இடுப்பளவு இல்லை. ஓரங்களில் முழங்கால் வரைதான். காற்று குவித்த நடுப்பகுதியில் ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. அங்கேதான் உடைந்தது.

நேற்றும் பனி பெய்தது. உடைந்த இடம் மதில் சுவர் மாதிரி நிற்கிறது. புதுப்பனி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வருகிறது. இன்னும் ஒருமுறை பெய்தால் அங்கே எதுவுமே நடக்காதது போல் ஆகிவிடும். அடியில் அந்த உதிரிப்பனி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. என்னை மேலே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். என் இடத்தில் போட்டிருக்கிற ஆள் குழி வெட்டாமலே இறங்கி வருகிறார்.

நீ கல்லங்குறிச்சிக்குப் போக வேண்டாம். அண்ணன் பேசியது தப்புதான். பக்கத்தில் உட்கார்ந்து நானும் மறுக்கவில்லை. ஆனால் இப்போது போய் எல்லாவற்றையும் கொட்டினால் கல்யாணம் நின்றுவிடும். லாவண்யாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது என்று நீதான் சொன்னாய். ஒரு கையெழுத்தால் அவள் வாழ்க்கை நன்றாக இருக்கும் என்றால் எனக்கு அது பெரிதில்லை. என்னை யாருக்குத் தெரியும்? இந்த மலையில் என் பேரைக்கூட யாரும் சரியாகச் சொல்வதில்லை.

உன்னிடம் போனில் சொல்லாத ஒன்று இருக்கிறது. இறந்த பையனின் அம்மா வந்திருந்தார். உடலை வாங்கிக்கொண்டு ரோப்கார் நிலையத்தில் நின்றிருந்தபோது, நான்தான் அவனைத் தோண்டி எடுத்தவன் என்று யாரோ காட்டிவிட்டார்கள். என் அருகில் வந்தார். என் கையுறையைத் தொட்டுப் பார்த்தார். போக வேண்டாம் என்று என் மகனிடம் யாராவது சொன்னீர்களா என்று இந்தியில் கேட்டார். மேனேஜர் பக்கத்தில் நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான் சொல்லியிருந்தேன் வேணி. கயிற்றை மேனேஜர் அவிழ்த்த பிறகும் அந்தப் பையன் தோளைப் பிடித்து, இன்றைக்கு வேண்டாம் தம்பி, பனி சரியில்லை என்று சொன்னேன். சிரித்த முகம். சாயங்காலம் வந்து உங்களோடு டீ குடிக்கிறேன் அங்கிள் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அதிலிருந்து தூக்கம் சரியாக இல்லை.

திங்கட்கிழமை காலை கம்பெனி வக்கீல் வருகிறார். போட்டுவிட்டு முடித்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். கடையில் நின்று நின்று உனக்குக் கால் வீங்குகிறது, வெந்நீரில் உப்புப் போட்டு வை. லாவண்யாவிடம் நான் நன்றாக இருப்பதாகச் சொல்.

அன்புடன்,
கொளஞ்சி

* * *

சிறுவாச்சூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள லாவண்யா அப்பாவுக்கு வேணி எழுதுறது.

நீங்க போனுக்கு அனுப்புன கடுதாசியைப் படிச்சேன், போக வேண்டாம்னு எழுதியிருந்தீங்க. போயிட்டு வந்துட்டேன்.

பெரம்பலூர்ல பஸ் மாறி, அரியலூர்ல இறங்கி, டவுன் பஸ்ஸைப் புடிச்சேன். சனிக்கிழமை இல்லையா, பெருமாள் கோயிலுக்குப் போற கூட்டம் பஸ்ஸை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல ஒரு பெரியம்மா நேர்த்திக்கடனுக்குத் தானிய மூட்டையை மடியில வச்சுக்கிட்டு, எந்த விசேஷத்துக்கும்மா போறன்னு கேட்டுச்சு. கல்யாண விஷயமாப் போறேன்னு சொன்னேன். நல்லபடியா முடியும்னு சொல்லுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

அங்க போனா உங்க அண்ணன் எனக்கு முன்னாடியே நடுக்கூடத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு! யாரு சொல்லித்தான் தெரிஞ்சுதோ. வா வேணின்னு அவரு வீடு மாதிரி என்னைக் கூப்பிடுறாரு. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள, தம்பிக்குக் கம்பெனியில பிரமோஷன், பெரிய மலைக்கு மாத்துறாங்கன்னு ஆரம்பிச்சுட்டாரு. எனக்கு வந்துச்சே ஒரு வேகம். மாமா, நீங்க இந்த மலையில ஏறுனது போதும், கொஞ்சம் இறங்குங்கன்னு சொன்னேன். மாப்பிள்ளை சின்னதுரை கூட வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுது. உங்க அண்ணன் என்னை இனிமே மன்னிக்க மாட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சமாதானமா அவருகிட்டப் பேசிக்குங்க, என்னால ஆகாது.

போன கடுதாசியில எழுதுனதை அப்படியே சொன்னேன். ஆள் உயரம்னு நீங்க திருத்துனதையும் சேத்துக்கிட்டேன். குழி வெட்டுனதைச் சொன்னேன், கயிறு கட்டுனதைச் சொன்னேன், அவுத்ததைச் சொன்னேன். பேப்பரைச் சொன்னேன். என் வீட்டுக்காரரு அதுல கையெழுத்துப் போட மாட்டாரு, அதனால அவருக்கு வேலை போயிடும், கேஸு கீஸுன்னு அலைய வேண்டி வரலாம், இதெல்லாம் தெரிஞ்சு உங்களுக்கு இஷ்டம் இருந்தா பேசுவோம்னு சொன்னேன். போட மாட்டாருன்னு உங்களைக் கேக்காமலே சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதான்.

பழனிவேல் நல்ல மனுஷருதாங்க. ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல. நீங்க நெசத்தைச் சொன்னது சந்தோஷம், ஆனா பத்திரிகை அடிக்கிற நேரத்துல சம்பந்தி மேல கேஸுன்னா எங்க பங்காளிங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு கேட்டாரு. நெசத்தையே சொல்லுங்கன்னேன். செல்வம்மாள், அதான் மாப்பிள்ளையோட அம்மா, அது மட்டும் ஒண்ணு கேட்டுச்சு. செத்த புள்ளை அந்தம்மாவுக்கு ஒத்தைப் புள்ளையான்னு. தெரியலைன்னு சொன்னேன். அது முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு உள்ள போயிடுச்சு. எனக்குக் காபி வந்துச்சு, குடிச்சுட்டு எழுந்து வந்துட்டேன். அந்தப் பையன் சின்னதுரை பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வண்டியில கொண்டாந்து விட்டுச்சு.

இன்னைக்குக் காலையில உங்க அண்ணன் மூலமா தகவல் வந்துடுச்சு. இப்போதைக்கு இந்தப் பேச்சை நிறுத்தி வச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்களாம். நிறுத்தி வைக்கிறதுன்னா என்னன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவங்க வச்சுட்டுப் போன சேலையை லாவண்யாவே எடுத்து மடிச்சுப் பையில போட்டா. நான் குடுத்தனுப்புறேன்டின்னேன். வேண்டாம்மா, நான் பாத்துக்குறேன்னுட்டா.

அவ அழுவான்னு பயந்துக்கிட்டு இருந்தேன். அழுதாளோ என்னவோ, எனக்குக் காட்டல. சாயங்காலம் அந்தப் பையனுக்கு அவளே போன் போட்டா. நான் பக்கத்துலதான் கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தேன். உங்க அப்பா அம்மா மேல எனக்கு வருத்தம் இல்ல, ஆனா இத்தனை நடந்திருக்கே, எங்க அப்பா எப்படி இருக்காருன்னு நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா எத்தனை நாள் வேணாலும் காத்துக்கிட்டு இருந்திருப்பேன்னு சொன்னா. சொல்லிட்டு அவளே வச்சுட்டா. வச்சுட்டு என்கிட்ட வந்து, அப்பா கையெழுத்துப் போடலைல்லம்மான்னு கேட்டா. அவளுக்கு இன்னைக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பதிலுதான். என்கிட்ட அது இல்ல. நாளைக்குக் காலையில உங்ககிட்டதான் இருக்கு.

கல்யாணம் நின்னுடும்னுதானே கையெழுத்துப் போடப் பாத்தீங்க? நின்னுடுச்சு. நான்தான் நிறுத்துனேன், பழியை என் மேல போடுங்க. இனிமே உங்களை மிரட்ட அவங்க கையில என்ன இருக்கு? வேலையா? போகட்டும். நம்ம கடை இருக்கு, உங்க பென்ஷன் இருக்கு, லாவண்யா சம்பாதிக்கிறா. அவளுக்கு மாப்பிள்ளை வருவான். வரலைன்னா அவ என்ன குறைஞ்சு போயிடுவா? எங்கப்பா பொய் சொன்னாரு, அதனால எனக்குக் கல்யாணம் ஆச்சுன்னு ஆயுசுக்கும் நினைச்சுக்கிட்டு இருக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவலை.

உங்க கடுதாசியைப் படிச்சப்ப நான் ஒரு இடத்துலதான் அழுதேன். அந்தம்மா கையுறையைத் தொட்டுக் கேட்டாளே, அங்க. யாராவது சொன்னீங்களான்னு ஒரு தாய் கேக்குறா. ஆமாம்மா, நான் சொன்னேன், தோளைப் புடிச்சுச் சொன்னேன், சிரிச்சுக்கிட்டே போனான்னு சொல்றதுக்கு இந்த உலகத்துல ஒரே ஒரு ஆளுதான் இருக்காரு. அந்த ஆளு நாளைக்குக் காலையில, சரிவு நல்லாத்தான் இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்துட்டா அவளுக்குச் சாகுற வரைக்கும் பதில் கிடைக்காது. உங்களைத்தான் கொலைகாரன்னு நினைச்சுக்கிட்டு இருப்பா. நீங்க சொன்னா அவளுக்கு ஆறுதலா இருக்குமா, இன்னும் வலிக்குமா, அது எனக்குத் தெரியலைங்க. ஆனா அவ கேட்டுட்டா. நீங்க சொல்லித்தான் ஆகணும். ஊரும் பேரும் விசாரிச்சு, போன் நம்பரை வாங்கி, நீங்களே பேசுங்க. இந்தியில வார்த்தை வரலைன்னா தமிழ்ல அழுங்க, அவளுக்குப் புரியும்.

அப்புறம் நீங்களே எழுதியிருக்கீங்க, உங்க இடத்துல வந்த ஆளு குழி வெட்டாமலே இறங்கி வர்றாருன்னு. உதிரிப்பனி அடியில அப்படியே கிடக்குதுன்னு. இதை எழுதுன கையாலதான் அந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடப் போறீங்களா? அடுத்த கோஷ்டி வரும். அதுலயும் சிரிச்ச முகமா ஒரு புள்ளை இருக்கும். கலெக்டர் முன்னாடி இதையும் சொல்லணும். யாரும் கேக்கலைன்னாலும் சொல்லுங்க.

உங்க அண்ணன் இன்னொண்ணும் சொல்லிவிட்டாரு. கையெழுத்துப் போடலைன்னா தம்பி பேசாம ரயில் ஏறி ஊருக்கு வந்துடட்டும், சோளக்காட்டைப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்னு. எனக்கு அந்த ஆசை இல்லைன்னு நினைக்கிறீங்களா? ஒவ்வொரு குளிர்காலமும் போன் அடிச்சா நாலு தரம் அடிக்க விட்டுத்தான் எடுப்பேன். வீடியோ வந்த அன்னைக்கு, தோண்டுற ஆளு நீங்களா புதைஞ்ச ஆளு நீங்களான்னு தெரியாம நானும் லாவண்யாவும் அரைப் பொழுது உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். இதை உங்ககிட்ட இன்னைக்குத்தான் சொல்றேன். நீங்க வந்து கூடத்துல குறட்டை விட்டுத் தூங்குனாப் போதும்னு இருக்கு எனக்கு.

ஆனா இப்ப வராதீங்க.

இப்ப நீங்க ரயில் ஏறுனா, தப்பு பண்ணுனவன் ஓடிட்டான்னு அவங்க ஒரே வரியில எழுதி முடிச்சுடுவாங்க. மலைக்குக் கீழ டவுன்ல உங்களோட பட்டாளத்துல இருந்தவரு ஒருத்தரு டீக்கடை வச்சிருக்காருன்னு சொல்வீங்களே, நாளைக்கே பெட்டியை எடுத்துக்கிட்டு அவரு வீட்டுக்குப் போயிடுங்க. விசாரணை முடியுற வரைக்கும் அங்கயே இருங்க. கூப்பிடுற அன்னைக்கெல்லாம் போயி நில்லுங்க. நான் அனுப்புன கம்பளிச் சட்டையை அலமாரியில பூட்டி வைக்காமப் போட்டுக்கிட்டுப் போங்க. முடிஞ்சப்புறம் வாங்க. எத்தனை மாசம் ஆனாலும் சரி.

பட்டாளத்துக் காலத்துலேர்ந்து என் கடுதாசி எல்லாத்துலயும், உங்கள் வரவை எதிர்பார்க்கும் வேணின்னுதான் போட்டுக்கிட்டு வந்திருக்கேன். போன தரம் கோவத்துல விட்டுப்போச்சு. இந்தத் தரம் வேணும்னேதான் போடல. ஆத்தா உங்களுக்குத் துணையா இருக்கட்டும். அந்தம்மாகிட்ட பேசிட்டேன்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க. அதுக்கப்புறம் நான் எதிர்பாக்குறேன்.

வேணி